ஆள்வரத்தும் தோட்டக் கூலியும்: மலாயாவிலிருந்து மலேசியா வரை

முன்னுரை

அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தால் உள்ளூர்க் கூலி சரியும் என்பது பரவலான நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்க மலாயாத் தோட்டங்களின் வரலாறு ஏற்ற களம். அங்கே அயலவராகப் போய் இறங்கிய தமிழர்களின் வழிவந்தவர்களே பின்னாளில் உள்ளூர்த் தொழிலாளராக நின்று புதிய அயலவரோடு போட்டியிட நேர்ந்தது. இரு காலங்களிலும் கூலியைத் தாழ்த்தி வைத்ததில் பெரும்பங்கு, வருபவரை எந்த நிபந்தனையில் வரவிடுவது என்று அரசு வகுத்த விதிகளுக்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிதியும் கங்காணியும்

1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. வேலைக்கு வைத்திருந்த இந்தியத் தொழிலாளரின் அளவுக்கேற்ப ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்டினார். அந்தப் பணம் புதிதாக வருவோரின் கப்பல் செலவுக்குப் போனது. ஆள் எடுக்காதவரும் பணம் கட்டியாக வேண்டும் என்பதால், தோட்டங்கள் போட்டி போட்டுக்கொண்டு, ஆள் திரட்டும் கங்காணிகளைத் தமிழகக் கிராமங்களுக்கு அனுப்பின. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, விலகிச் செல்லும் உரிமை தொழிலாளருக்குச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப அடுத்த கப்பல் ஆளை இறக்கியது. அந்த உரிமையைக் காட்டிக் கூலி உயர்வு கேட்க அவரால் முடியவில்லை.

பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் ஓட்டம் திசை மாறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மந்தத்தின் சுமையில் ஒரு பகுதி இப்படித் தமிழகக் கிராமங்களின் தலையில் இறங்கியது.

1938: கதவு அடைபட்டபோது

ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நிர்ணயக் கூலி மந்தக் காலத்தில் வெட்டப்பட்டது. மலாயா சென்று ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அதை மீட்டுத்தரப் பரிந்துரைத்தார், கூலியும் மீண்டது. ஆனால் 1938இல் தோட்ட முதலாளிகள் அதை 45, 35 காசாக மறுபடியும் குறைத்தார்கள். அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது.

மாற்று ஆள் வரும் வழி அடைபட்டதால் தோட்டத்தில் இருந்தவர்களின் பேரம்பேசும் வலிமை கூடியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களது தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை மட்டும் கூலியை உயர்த்தப் போதாது, சங்கம் சேரும் உரிமையும் வேண்டும் என்பதற்கு கிள்ளான் சான்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பின்புதான் தொழில் முழுவதற்குமான கூட்டுப் பேரம் வேரூன்றியது.

மாறிய இடங்கள்

1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தலைமுறையாகப் பால்வெட்டிய பலரிடம் குடியுரிமைச் சான்று இருக்கவில்லை. சுமார் 60,000 இந்தியர்கள் வெளியேறியதாக மதிப்பிடப்படுகிறது. உள்ளூர் வேலைகளைக் காக்க வந்த விதி, அம்மண்ணில் வேரூன்றியவர்களையே அயலவராக்கியது.

தொடர்ந்த ஆண்டுகளில் தோட்டத்து இளைஞர்கள் ஆலைகளையும் நகரங்களையும் நாடினார்கள்; ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு மாறின. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட 1984இல் இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டங்கள் நேரடி நியமனத்தைக் குறைத்துக் குத்தகையாளர் வழியே ஆள் எடுத்தன; பலர் அனுமதிச் சீட்டே இல்லாமல் வந்தார்கள். இருக்கும் நிலையே சட்டவிரோதமானவர் பிடிபடும் அச்சத்தில் குறைந்த கூலியையும் ஏற்பார், சேமநிதியும் கேட்கமாட்டார். அவருடைய அந்த அச்சம்தான் அருகில் வேலை செய்த தமிழரின் கூலிப் பேரத்தையும் பலவீனப்படுத்தியது.

மலேசியா குறித்து 2015இல் வெளியான உலக வங்கி ஆய்வும் இங்கே கருதத்தக்கது. அயல் தொழிலாளர் வருகையால் நாட்டினர் பெரும்பாலோருக்கு வேலையும் கூலியும் சற்றே கூடின. மிகக் குறைந்த கல்வி பெற்றவர்களுக்குக் கூலி குறைந்தது. மிகப்பெரிய இழப்போ முன்பே வந்திருந்த அயல் தொழிலாளருக்கு நேர்ந்தது. தோட்டத்தில் தங்கிவிட்ட தமிழர்கள் பலர், கூலி குறைந்த அந்தக் குறைந்த கல்விப் பிரிவினர்.

முடிவுரை

2013இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம், 2025இல் நாடெங்கும் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது அயல் தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்துவது பெரும் முன்னேற்றம். ஆனால் அவரது வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்வரை, விதிப்படியான ஊதியத்தைக் கேட்டு வாங்கும் துணிவு அவருக்கு வருவது அரிது. முதலாளியை மாற்றிக்கொள்ளவும் சங்கத்தில் அஞ்சாமல் சேரவும் அவருக்கு உரிமை கொடுப்பதே உள்ளூர்த் தொழிலாளரின் கூலிக்கும் உறுதியான காப்பு.