வெஸ்டன்: முடுக்கியை வரவேற்ற ஊர்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே சுமார் 30 மைல் தொலைவில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே வெஸ்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் மனை போட்டு வீடு கட்டி விற்பவர்கள் உருவாக்கிய ஊர் அது. பல்லாயிரம் பேர் வாழும் நகரமாக்குவதே முதலில் போட்ட திட்டம். பணச் சிக்கலால் சுமார் 100 வீடுகளோடு வேலை நின்றுபோனது. கடன் வாங்கி அங்கே குடியேறிய நடுத்தரக் குடும்பங்கள், எதிர்பார்த்த கடைத்தெருவும் வசதிகளும் வராமல், வயல்களுக்கு நடுவே தனித்து விடப்பட்டன.

அதே காலத்தில் அமெரிக்க அணுசக்தி ஆணையம், அதுவரை உலகில் இல்லாத அளவுக்குப் பெரிய துகள் முடுக்கி ஒன்றைக் கட்ட இடம் தேடியது. புரோட்டான்களை 200 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு விரைவுபடுத்த வேண்டிய கருவி அது. 1965-இல் அழைப்பு வெளியானதும் 46 மாநிலங்களிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்தன. முன்மொழியப்பட்ட இடங்கள் 200-ஐத் தாண்டின. 1966 மார்ச்சில் தேசிய அறிவியல் கழகத்தின் குழு அவற்றை ஆறாகச் சுருக்கியது. சிகாகோ வட்டாரத்துக்கு மட்டும் இரண்டு இடங்கள் பரிசீலனையில் இருந்தன. ஒன்று சவுத் பாரிங்டன், மற்றொன்று வெஸ்டன்.

சவுத் பாரிங்டன் வசதி படைத்தவர்களின் புறநகர். இயற்பியலாளர்கள் கூட்டமாக வந்து குடியேறினால் ஊரின் ஒழுக்கம் கெடும் என்று அங்கிருந்தவர்கள் எதிர்த்தார்கள். வெஸ்டனுக்கு அப்படி மறுக்கும் வசதி இல்லை. முடுக்கிக்கான ஆய்வகம் வந்தால் பாதியில் நின்ற ஊர் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அது வரவேற்றது. 1966 டிசம்பர் 16 அன்று வெஸ்டன் தேர்வானதாக ஆணையம் அறிவித்தது.

தேர்வானது ஊருக்குப் பக்கத்து நிலம் மட்டுமல்ல, ஊரும் சேர்த்துத்தான். மாநில அரசு 6,800 ஏக்கரை வாங்கி மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த எல்லைக்குள்தான் வெஸ்டனின் எல்லா வீடுகளும் இருந்தன. ஊர் மன்றமே ஊரைக் கலைக்க வாக்களித்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக்காரர்கள் விலையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். சுற்றிலும் தலைமுறைகளாக உழுதுவந்த விவசாயக் குடும்பங்களும் நிலத்தை விட்டன. ஆய்வகத்தின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. வெளியேறிய குடும்பங்கள் எங்கே போய் எப்படி வாழ்ந்தன என்பதற்கு அதில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. இந்த வரலாற்றின் பெருங்குறை அதுவே.

வெஸ்டனின் பெயர் நாடாளுமன்றம் வரை அடிபட்டது வேறொரு காரணத்துக்காக. அந்தப் புறநகர்ப் பகுதியில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. இல்லினாயில் அப்போது அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. பொதுப்பணத்தில் கட்டும் ஆய்வகத்தில் கறுப்பினத்தவர் வேலைக்குச் சேர்ந்தால் எங்கே குடியிருப்பார்கள் என்ற கேள்வியைக் குடிமை உரிமை இயக்கங்கள் எழுப்பின. நாடாளுமன்றத்தின் அணுசக்திக்கான கூட்டுக்குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் 1967-இல் இதே காரணத்துக்காகத் திட்டத்துக்கான நிதியை நிறுத்த முயன்றார். செனட் வாக்கெடுப்பில் அம்முயற்சி தோற்றது. ஆனால் கேள்வி அமுங்கிவிடவில்லை. ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சனும் துணை இயக்குநர் எட்வின் கோல்ட்வாசரும் 1968 மார்ச்சில் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். தொழில்நுட்ப வசதிக்கும் மனித உரிமைக்கும் முரண்பாடு வந்தால் ஆய்வகம் மனித உரிமையின் பக்கமே நிற்கும் என்பது அதன் சாரம். சிகாகோவின் கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஓக் ரிட்ஜில் தொழிற்பயிற்சி கொடுத்து, வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

1967-இல் ஓக் புரூக்கில் வாடகை அலுவலகத்தில் தொடங்கிய ஆய்வகம், அடுத்த ஆண்டு காலியான வெஸ்டன் வீடுகளுக்குக் குடிவந்தது. சிக்கனத்திலும் வேகத்திலும் வில்சன் பிடிவாதக்காரர்; கைவசம் வீடுகள் இருக்கும்போது தற்காலிகக் கட்டடங்களுக்குச் செலவழிக்க அவர் விரும்பவில்லை. குடும்பங்கள் உறங்கிய அறைகளில் வரைபட மேசைகள் ஏறின. சில வீடுகளைப் பெயர்த்து நகர்த்தி, ஒன்றோடொன்று இணைத்தார்கள். அப்படிச் சேர்த்துக் கட்டிய இயக்குநர் அலுவலகத்துக்குக் கியூரியா என்று பெயர். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நின்ற வீடுகளுக்கு, ஆய்வகத்தின் ஓவியர் ஏஞ்சலா கொன்சாலெஸ் தேர்ந்த அழுத்தமான வண்ணங்கள் பூசப்பட்டன. பண்ணை வீடுகள் சிலவற்றையும் இடிக்காமல் சக்கரங்களில் ஏற்றிவந்து ஊருக்குள் நிறுத்தி, வருகை தரும் விஞ்ஞானிகளின் தங்குமிடமாக்கினார்கள். ஆய்வகத்துக்கென 16 மாடிக் கோபுரம் எழும் வரை அதன் மூளை இந்த வீடுகளில்தான் இருந்தது.

தெருக்களுக்குச் சாக், பொட்டவாட்டமி, வின்னபேகோ என்று பூர்வகுடிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1833-இல் சிகாகோ ஒப்பந்தத்தின் வழியாக அந்த வட்டாரத்திலிருந்து மேற்கே அனுப்பப்பட்டவர்கள்தான் பொட்டவாட்டமிகள். அவர்கள் போன பிறகு வந்து உழுதவர்களின் சந்ததியும் இப்போது போய்விட்டது. அந்த முதல் விவசாயிகளின் சிறு இடுகாடு ஆய்வக எல்லைக்குள் இன்றும் பேணப்படுகிறது. 1812 போரில் பங்கேற்ற தாம்சன் மீட் என்பவரின் கல்லறை அங்கே இருக்கிறது. வயோமிங்கின் மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த வில்சன், 1969-இல் ஒரு காளையும் நான்கு பசுக்களுமாகக் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார். அவற்றின் கூட்டம் இன்னும் மேய்கிறது. 1970-களின் நடுவில் தாவரவியலாளர் ராபர்ட் பெட்ஸின் தூண்டுதலால், முடுக்கி வளையத்துக்குள் சோளம் விளைந்த மண்ணில் பழைய புல்வெளித் தாவரங்களை மீண்டும் விதைக்கத் தொடங்கினார்கள்.

நான்கு மைல் சுற்றளவுள்ள முதன்மை வளையத்தில் 1972 மார்ச் 1 அன்று திட்டமிட்ட 200 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் எட்டப்பட்டது. 1974-இல் ஆய்வகத்துக்கு என்ரிகோ ஃபெர்மியின் பெயரிட்டார்கள். லியான் லெடர்மன் குழு 1977-இல் பாட்டம் குவார்க் என்ற அடிப்படைத் துகளை இங்கே கண்டறிந்தது. டாப் குவார்க் 1995-இல் கிடைத்தது. அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்றான டி-ஜீரோவில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இயற்பியலாளர்களும் இருந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த துகள் மோதல்களை நிகழ்த்திய டெவட்ரான் முடுக்கி 2011 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது.

ஆய்வகத்தின் அஞ்சல் முகவரி பக்கத்து ஊரான பட்டேவியாவின் பெயரில் இருக்கிறது. வெஸ்டன் வீடுகள் இருக்கும் பகுதியை ஆய்வகத்தார் வில்லேஜ் என்றே அழைக்கிறார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் சில வாரங்களோ மாதங்களோ அங்கே வாடகைக்குத் தங்கிச் சோதனைகளை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சொந்த வீட்டுக்காரர் என்று அங்கே எவரும் இல்லை.