வேனிலின் இளமை

மார்ச் 20 பிறந்தால் “இன்று இளவேனில் தொடக்கம்” என்று செய்தி வருகிறது. அதற்கும் முன்பே, பெங்களூர்ச் சாலைகளில் தபேபுயா பூத்துக் கொட்டும் படங்களைப் போட்டு “இளவேனில் வந்துவிட்டது” என்கிறார்கள். தபேபுயா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரம். அதன் பூவைக் கொண்டு தமிழ்ப் பருவத்தைக் கணிப்பது எந்த இலக்கணம்? இளவேனில் என்றால் குளிர் விலகிய இதமான காலம் என்று கொண்டதால் வந்த பிழை இது.

வேனிலின் வேர் ‘வே’. வேதல், வேக்காடு, வெம்மை, வெக்கை, வெயில் எல்லாம் ஒரே குடும்பம். மலையாளத்தில் வேனல், தெலுங்கில் வேசவி. பெங்களூர் ஜோகுபாளையத்துத் தெருவில் கன்னடர் சொல்லும் ‘பேசிகெ’யும் இதுவே. தமிழின் முதல் வகரம் கன்னடத்தில் பகரமாகும். யுகாதியன்று அவர்கள் உண்ணும் பேவு நம் வேம்பு, பெல்ல நம் வெல்லம். பழைய பகரமோ அங்கே ஹகரமாயிற்று. பக்கத்து ஊரே சான்று: பலசு ஹலசு ஆனது, ஹலசூர் நம்மவர் வாயில் அலசூர் ஆனது. பலாத்தோப்பால் வந்த பெயர் என்பதை நான் ஏற்கிறேன்.

வெயிலில் பிள்ளைகளுக்கு வரும் கட்டியைத் தாய்மார் ‘வேனக்கட்டி’ என்கிறார்கள். வேனில் இதமான காலமென்றால் அந்தப் பெயர் எப்படி வரும்? ஈற்று ‘இல்’லை ‘இல்லை’ என்று கொண்டு, வெம்மை இல்லாதது வேனில் என்று பிரிப்பவருக்கு ஒரே கேள்வி: முதுவேனிலை என்ன செய்வீர்கள்?

தொல்காப்பியர் நண்பகலோடு சேர்த்து வேனிலைப் பாலைக்கு வைத்தார். பாலைக்கு உரியது வெம்மையன்றி வேறென்ன? நச்சினார்க்கினியர் ஆவணியில் ஆண்டைத் தொடங்கி இரண்டிரண்டு மாதமாக எண்ணுகிறார். இளவேனிலுக்குச் சித்திரையும் வைகாசியும் விழுகின்றன. ஐங்குறுநூற்றின் இளவேனிற்பத்தில் குயில் கூவுகிறது, மா தளிர்க்கிறது, வேம்பு பூவுதிர்க்கிறது. சிலம்பில் வேனிற்காதை வருவது எப்போது? சித்திரை முழுநிலவில் தொடங்கிய இந்திரவிழா முடிந்து, கோவலன் மாதவியைப் பிரிந்த பிறகு. இளங்கோவடிகள் அந்தக் காதையை அந்த இடத்தில் வைத்ததைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

வசந்தம் வேறு குலத்துச் சொல். பாரசீகத்தின் பஹார், இலத்தீனின் வேர் ஆகியவை அதற்கு உறவு. இலத்தீன் ‘வேர்’ காதுக்கு வேனில்போல் ஒலிக்கிறதென்று இரண்டையும் முடிச்சுப் போடுவது வீண். வசந்தத்தின் எல்லையிலும் ஒருமிப்பு இல்லை. பஞ்சாங்க மரபு அதற்குச் சைத்திரத்தையும் வைசாகத்தையும் தருகிறது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியை வகுத்தவர்கள் பால்குனத்தோடு சைத்திரத்தைச் சேர்த்தார்கள். இந்திய வானிலைத் துறையின் நான்கு பருவங்களில் வசந்தமே கிடையாது. இப்படி நிலைகொள்ளாத ஒன்றை இளவேனிலுக்கு அளவுகோலாக வைக்கலாமா?

‘இள’ என்ற அடை வெம்மையைக் குறைப்பதற்கன்று, அதன் வயதைச் சொல்வதற்கு. மார்ச் 20-ல் சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கிறது. ஜோகுபாளையத்தின் உச்சிக்கு அது நேராக வருவது ஏப்ரல் 24-ஐ ஒட்டி, சித்திரையில். பங்குனி பின்பனிக்கு உரியது. இளவேனில் சித்திரை முதல் நாளில்தான் தொடங்குகிறது.