பதிப்பும் சுவடியும்: சாஃப்ட் மெஷினின் 1970 ப்ரோம்ஸ் ஒலிப்பதிவு

1895இல் தொடங்கிய ப்ரோம்ஸ் இசைவிழாவில் முதன்முறையாக ஒரு ராக் குழு மேடையேறிய நாள் 1970 ஆகஸ்ட் 13. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அன்று வாசித்தது சாஃப்ட் மெஷின். ஆர்கனில் மைக் ராட்லெஜ், பேஸ் கிட்டாரில் ஹ்யூ ஹாப்பர், சாக்ஸஃபோனில் எல்டன் டீன், டிரம்ஸில் ராபர்ட் வயட். பிபிசி ஒலிபரப்பிய அந்நிகழ்ச்சி 1988இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது.

அதற்கு இரு மாதங்களுக்கு முன் வெளியான ‘தேர்ட்’ தொகுப்பிலும் ‘ஃபேஸ்லிஃப்ட்’ இடம்பெற்றுள்ளது. ஆனால் அது, ஜனவரியில் கிராய்டனிலும் பர்மிங்காமிலும் நடந்த இரு கச்சேரிகளின் நாடாக்களை வெட்டி ஒட்டி அமைத்த வடிவம். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பாசிரியர் நிறுவும் பாடத்தை ஒத்தது. ப்ரோம்ஸ் பதிவோ ஓர் இரவின் ஒற்றைச் சுவடி.

இவ்வேறுபாடு ஒலியோடு நின்றுவிடுவதில்லை. ‘தேர்ட்’ இரட்டைத் தொகுப்பின் நான்கு பக்கங்களுள் ஒன்றை வயட்டின் ‘மூன் இன் ஜூன்’ பாடல் முழுமையாக நிறைத்திருக்கிறது. தொகுப்பை மட்டும் கேட்பவர், குழுவில் பாட்டுக்கும் கருவியிசைக்கும் நிலையான இடம் இருந்ததாகவே கருதுவர். ப்ரோம்ஸ் பதிவில் அப்பாடல் இல்லை. ‘அவுட்-பிளடி-ரேஜியஸ்’, ‘ஃபேஸ்லிஃப்ட்’, ‘எஸ்தர்ஸ் நோஸ் ஜாப்’ ஆகிய மூன்று நெடும் உருப்படிகளில் கருவிகளே ஆட்சி செய்கின்றன. மறு ஆண்டே வயட் குழுவிலிருந்து விலகினார்.

தொகுப்பு மறைத்த விரிசலை மேடைப் பதிவு காட்டிவிடுகிறது. ஜாஸ்-ராக் வரலாற்றை ஸ்டுடியோ தொகுப்புகளைக் கொண்டே எழுதுவோர், பதிப்பை மட்டும் படித்துச் சுவடியைத் திறவாதவர் ஆவர்.