மூடிய சிலிண்டருக்குள் ஒரு பார்வை

ஓடும் இன்ஜினின் சிலிண்டருக்குள் நடப்பதைத் திறந்து பார்க்க வழியில்லை. திறந்தால் இன்ஜின் ஓடாது. இத்தடையை முதலில் கடந்தவர்கள் நீராவி இன்ஜின் காலத்தவர்கள். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796இல், சிலிண்டரின் அழுத்தத்துக்கேற்ப ஏறியிறங்கும் சிறு பிஸ்டனுடன் பென்சிலை இணைத்து, நகரும் தாளில் அதை வரையவிட்டார். இன்டிகேட்டர் எனப்பட்ட அக்கருவி வரைந்த மூடிய வளைகோட்டின் பரப்பு இன்ஜின் செய்த வேலையை அளந்தது. அதன் வடிவமோ வால்வு தாமதமாகத் திறப்பதையும் நீராவி கசிவதையும் காட்டிக்கொடுத்தது. வாட்டின் நிறுவனம் இதை வெகுகாலம் தொழில் ரகசியமாகவே காத்தது.

கார் இன்ஜினின் வேகத்துக்குப் பென்சில் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே அழுத்தத்தால் அசையும் சிறு கண்ணாடியில் ஒளிக்கற்றையைப் பட்டுத் தெறிக்கவைத்து வளைகோட்டைப் பெறும் முறை வந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1916இல் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கிடம் பணியில் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, இன்ஜினுக்குள் கேட்ட ‘டக் டக்’ என்ற தட்டல் ஒலியை ஆராய இம்முறையையே கைக்கொண்டார். கெட்டரிங் உருவாக்கிய பேட்டரிப் பற்றவைப்புதான் தட்டலுக்குக் காரணம் என்று பலர் பழித்திருந்த நிலையில், பொறி விழுந்து எரிதல் தொடங்கிய பின்னரே அழுத்தம் திடீரென எகிறுவதை வளைகோடு காட்டியது. ஆக, குற்றம் பற்றவைப்பில் இல்லை, எரிபொருளில் இருந்தது. கண்டறிந்தது சரியே. ஆனால் 1921 டிசம்பரில் மருந்தாகக் கிடைத்த டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மம், உலகின் காற்றைப் பல பத்தாண்டுகள் நஞ்சாக்கியது. நோயை விட மருந்தே கொடிதாயிற்று எனலாம்.

பின்னர் சிலிண்டருக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு கணினிக்குச் சென்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்களில் ஓபிடி-2 என்னும் தற்கண்டறி அமைப்பு கட்டாயமாயிற்று. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டு சற்றே விரைவதை உணரியால் கவனித்து, அவ்விரைவு குறைந்த சிலிண்டரை அது குறித்துக்கொள்கிறது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் பி0301 என்ற குறியீடு எழும். காரணம் ஸ்பார்க் பிளக்கா, இன்ஜெக்டரா, தீய்ந்த வால்வா என்பதை அது சொல்லாது. அதனால் மெக்கானிக் இன்றும் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்துகிறார்; அழுத்தம் குறைந்திருந்தால் அத்துளையில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கிறார். அப்போது அழுத்தம் ஏறினால் பழுது பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கும். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும்.