போன் நகரத்து மது வணிகர்கள்

பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தில் மடாலயங்களுக்கு உரிமையாயிருந்த திராட்சைத் தோட்டங்கள், 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஏலத்தில் விற்கப்பட்டு, நெப்போலியனுடைய சட்டத்தின்படி சந்ததிகளுக்குள் சமபாகமாகப் பிரிந்து பிரிந்து, குடியானவன் ஒருவனுக்குச் சில வரிசைக் கொடிகளே மிஞ்சும் நிலை உண்டாயிற்று. அத்தனை சொற்பமான விளைவைத் தனியே புட்டியிலடைத்து விற்க அவனால் எங்ஙனம் இயலும்? 1731-இல் தோன்றிய பூஷார், 1859-இல் தோன்றிய ழாடோ முதலிய, அப்பிரதேசத்துப் போன் நகரத்து வணிக இல்லங்களே அவ்விளைவை வாங்கிக் கலந்து, நிலவறைகளில் பக்குவப்படுத்தித் தேசாந்தரங்களுக்கு அனுப்பின. பிரான்ஸின் தென்பகுதி மதுவைக் கலந்து பர்கண்டியின் பெயரைக் கெடுத்த வணிகரும் இருந்தனர். 1930-களில் எழுந்த சட்டம் அதற்குத் தடை விதித்தது. தோட்டத்தின் பெயரின்றிப் பிரதேசத்தின் பெயரை மட்டும் தாங்கிய எளிய விலைச் செம்மதுக்களை, ஒரே ஆண்டின் விளைவாகத் தேர்ந்து, அருகருகே வைத்துச் சுவைப்பதே இவ்வில்லங்களின் கைத்திறனை அறிய உத்தமமான மார்க்கம் என்பது என் அபிப்பிராயம். பினோ நுவார் என்னும் ஒரே திராட்சை, ஓர் இல்லத்தில் செர்ரிப் பழ வாசனையோடு மென்மையாகவும், மற்றோர் இல்லத்தில் துவர்ப்பு மிகுந்தும் வெளிப்படக் காணலாம்.