மூன்று மொழி வேதாளம்

ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் ஒரே மாதத்தின் ஒரே இதழ் மூன்று பிரதிகளாக வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு அம்புலிமாமா. பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குத் தெலுங்கு சந்தமாமா. மாடியில் இருந்த வீட்டு ஓனர் குடும்பத்துக்குக் கன்னட சந்தமாமா. அட்டையில் அதே படம். உள்ளே அதே பக்கத்தில் அதே ராஜா, தோளில் அதே பிணம். எழுத்து மட்டும் வேறு. தெலுங்கும் கன்னடமும் பார்ப்பதற்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும் என்று அப்போது தோன்றியது.

அக்கா தெலுங்கு மீடியத்தில் படித்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். வேதாளக் கதையை அவள் தெலுங்கில் சத்தமாகப் படிக்க, நான் தமிழ் இதழில் விரல் வைத்து ஓட்டிப்போவேன். இதழின் தெலுங்கு ஆந்திரத் தெலுங்கு. ஓசூர்த் தெலுங்கு அது இல்லை. அதனால் அவளே நடுநடுவே நிறுத்தி, வீட்டுத் தெலுங்கில் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். கடைசியில் வேதாளம் கேள்வி கேட்டதும் ரெண்டு பேரும் பக்கத்தை மூடிவிட வேண்டும், அது எங்கள் விதி. ராஜா என்ன சொல்லப்போகிறான் என்று முதலில் நாங்கள் சொல்ல வேண்டும். பிறகுதான் திருப்பிப் பார்ப்பது. பெரும்பாலும் அக்கா ராஜாவோடு ஒத்துப்போக மாட்டாள். "காதுரா தம்முடு, ராஜாவுக்கு ஒண்ணும் தெரியல" என்பாள்.

மாயக்கதை படிப்பவர்கள் எங்கே கூடினாலும் கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து நிற்பார்கள்: "அந்தப் பாத்திரம் செஞ்சது சரியா?" டிராகன், மந்திரக்கோல், பறக்கும் கம்பளம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் பேசி முடிந்துவிடும். ஸ்நேப் நல்லவனா கெட்டவனா என்பதை இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் ஆங்கில ஃபேன்டஸியோடு நம்மிடம் வந்து இறங்கியது என்று என் தலைமுறையில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வாசகரைச் சண்டைக்கு இழுப்பதையே வடிவமாக வைத்திருக்கும் ஒரு மாயக்கதை நம்மிடம் ஆயிரம் வருஷமாக இருக்கிறது.

சந்தமாமா 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது. சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால். நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கையும் தமிழையும் ஒன்றாகவே தொடங்கினார்கள், கொஞ்ச காலத்தில் கன்னடமும் சேர்ந்தது. 'பாதாள பைரவி'யையும் (1951) 'மாயாபஜா'ரையும் (1957) தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்த அதே விஜயா நிறுவனத்துக்காரர்கள்தான் இவர்கள். ஒரு மாயத்தை ஒரு தடவை உருவாக்கி இரண்டு மொழிக்காரர்களுக்கும் காட்டலாம் என்பது அவர்களுக்குப் பத்திரிகையிலும் பழக்கம், சினிமாவிலும் பழக்கம். இதழுக்கான கதைகள் முதலில் தெலுங்கில் உருவாகி மற்ற மொழிகளுக்குப் போகும். தெனாலிக்காரரான கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் இறக்கும்வரை அதன் முதுகெலும்பாக இருந்தார். தெலுங்கின் முக்கியமான யதார்த்த நாவலாசிரியர். மார்க்சியச் சாய்வு உள்ளவர். அவர் மாசாமாசம் வேதாளத்தை மரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு விக்கிரமன் நடந்துபோகும் அந்தப் படம் சங்கருடையது. கே.சி. சிவசங்கரன். 1952இல் சேர்ந்தவர், 2020இல் மறைந்தார்.

வேதாளக் கதைகள் இதைவிட எவ்வளவோ பழசு. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்துக்குள் அவை ஒரு தனித் தொகுதியாக இருக்கின்றன. அந்த நூலோ, பைசாச மொழியில் குணாட்டியர் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. (அதே பிருகத்கதையின் இன்னொரு கிளையைத்தான் கொங்குவேளிர் தமிழில் பெருங்கதையாகப் பாடினார். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்.) சோமதேவரிடம் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன், கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானத்தை ஆள்கிறவன். வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழுக்கு வந்தபோது ராஜா விக்கிரமாதித்தனாகவும் மரம் முருங்கையாகவும் ஆகிவிட்டன. வீட்டுக் கொல்லையில் இருக்கிற மரத்தில் பேயைத் தொங்கவிட்டதால்தான் அது பழமொழிவரைக்கும் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

கதையின் அமைப்பைப் பாருங்கள். ராஜா பிணத்தைச் சுமந்துபோகிறான், பேசக் கூடாது. வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் தொழிலில் சொல்வதானால் இது ஒரு லூப். வெளியே வர ஒரே ஒரு நிபந்தனை: ராஜாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியாமல் இருக்க வேண்டும். சோமதேவரின் தொகுப்பில் 24ஆவது கதையில் அது நடக்கிறது. காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்த்து ஒரு அப்பாவும் மகனும் பேசி வைத்துக்கொள்கிறார்கள், பெரிய தடம் அப்பாவுக்கு, சின்னது மகனுக்கு. தேடிப் போய்ப் பார்த்தால் அந்த இருவரும் தாயும் மகளும். சின்னப் பாதம் அம்மாவுடையது. பேச்சு மாற்றாமல் அப்பா மகளையும் மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜா பேசாமல் நடக்கிறான். வேதாளம் தோற்றதை ஒப்புக்கொள்கிறது.

அம்புலிமாமாவில் அந்த மௌனம் வரவே முடியாது. வந்தால் தொடர் முடிந்துவிடும். மூலக் கதைகள் தீர்ந்த பிறகும் புதுப்புதுக் கதைகளை எழுதிச் சேர்த்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் விக்கிரமனைப் பேச வைத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். பதில் எப்போதும் தப்பிக்கும் வழியை மூடிவிடுகிறது என்பதை மூன்று மொழிப் பிள்ளைகளும் மாசம் ஒரு தடவை கண்ணால் பார்த்தோம்.

எனக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை வந்தது மாறிய தலைகள் கதையில். சோமதேவர் சொல்லும் வடிவத்தில் கணவனும் மனைவியின் சகோதரனும் தேவி கோயிலில் ஒருவர்பின் ஒருவராகத் தலையை அறுத்துக்கொள்கிறார்கள். தேவி இரங்கி, தலைகளை ஒட்டவைக்கச் சொல்கிறாள். மனைவி பதற்றத்தில் மாற்றி வைத்துவிடுகிறாள். இப்போது யார் கணவன்? உறுப்புகளில் தலையே முதன்மை, எனவே கணவனின் தலை உள்ளவன்தான் கணவன் என்கிறான் ராஜா. நானும் அதைத்தான் சொன்னேன், நன்றாகப் படிக்கிற பையன் வேறென்ன சொல்வான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். "எங்க நாயனாவ கம்பெனில தலைக்கா சம்பளம் குடுக்கறாங்க? ஒடம்புக்குத்தான்" என்றாள். அவரைத் தலையில்லாமல் உட்காரவைத்துப் பார்த்துச் சிரித்ததும், பிறகு அவள் அழுததும் ஞாபகம் இருக்கிறது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் ராஜாவோடு சண்டை போட்டவள் அவள் மட்டும் அல்ல என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் சிம்மரின் எழுத்து வழியாக இக்கதையைப் பிடித்த தாமஸ் மன், 1940இல் அதை ஒரு குறுநாவலாக்கினார். சகோதரனுக்குப் பதில் நண்பன். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கன்னட நாடக உலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார் கிரீஷ் கார்னாட். 1971இல் வந்த 'ஹயவதன'. அதில் முனிவர் தலைக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறார், ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தலைக்கேற்ப உடம்பு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே திரும்புகிறது, அந்தப் பெண் ஆசைப்பட்டது அவள் கையை விட்டுப் போகிறது. ராஜாவின் பதில் சரியாக இருந்தும் எப்படிக் கொடூரமாக முடியும் என்பதைக் கார்னாட் மேடையில் நடத்திக் காட்டினார்.

படிக்கத் தெரியாதவர்கள் இந்த விளையாட்டுக்கு வெளியே இருந்ததாக நினைக்க வேண்டாம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை மாதிரியான புத்தகங்கள் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கே வசதியானவை. அதைவிடப் பெரியது பாரதம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு நட்ட கம்பத்தில் கூத்துக்காரர் ஏறுவார். கடைசியில் மண்ணில் ராட்சச துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், பிறகு தீமிதி. காலையில் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் விமரிசனம் காதில் விழும். கர்ணன் கடைசிவரை துரியோதனன் பக்கம் நின்றது சரியா? அரவானைப் பலி கொடுத்தது கிருஷ்ணன் செய்த மோசடியா இல்லையா? என் தாத்தா துரியோதனன் கட்சி. படுகளத்தன்று சாப்பிட மாட்டார். காரணம் கேட்டால், "அவன் நம்பி வந்தவனைக் கைவிடலடா" என்பார்.

ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, கல்கியில் மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்று எழுதினார். ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று எழுதி 1958இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். அந்த உரைநடையின் எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் கதையை நிறுத்திவிட்டு, இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன என்று சொல்லத் தொடங்கும் இடங்களில் புத்தகத்தை வைத்துவிடத் தோன்றும். டீக்கடையில் திறந்தே கிடக்கும் கேள்வியை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிடுகிறார். அதே பாரதத்தைத் தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஒருவர் பிற்காலத்தில் வேறு மாதிரி எடுத்தார். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி 1 முதல் 2020 வரை தினமும் ஒரு அத்தியாயமாக, 26 நாவல்களாக வந்தது. அந்த ஆறரை வருஷமும் வாசகர்கள் காலையில் எழுந்து கர்ணனுக்கும் துரியோதனனுக்கும் வக்கீல் வேலை பார்த்தார்கள். என் தாத்தா இருந்திருந்தால் கடிதம் எழுதியிருப்பார்.

காமிக்ஸ்காரர்களை விட்டுவிட்டால் என்னை அடிக்க வருவார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு வந்தது முத்து காமிக்ஸ், 1984இல் லயன். பிரிட்டிஷ் கதைதான், ஆனால் எந்த மறுபதிப்பு வேண்டும், எந்த ஹீரோ போரடிக்கிறார் என்று வாசகர்கள் ஆசிரியரோடு மல்லுக்கட்டும் உரிமையை வேறெந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் நான் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் கூடுவதை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். நரைத்த தலைகள், பத்து வயசு முகங்கள்.

எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட், அதே ஆண்டு டிவிஎஸ் 50, எண்பதுகளின் நடுவில் டைட்டன். வேலைக்கு வந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எங்கள் லைன் வீடு மாதிரி மூன்று மொழி ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் அப்படித்தான் நிறைந்தன. உள்ளூர்த் தெலுங்கும் கன்னடமும் அதற்கு முன்பே இங்கே இருந்தவை. 1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவை.

அம்புலிமாமா 1998இல் தொழிலாளர் தகராறில் நின்றது. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால் யாரும் காரணம் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து மறுபடி வந்தபோது அக்காவுக்குக் கதை கேட்கும் வயது போயிருந்தது. 2007இல் ஜியோடெசிக் என்ற மும்பை மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. சில ஆண்டுகளில் அச்சு நின்றேபோனது.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் தரப்பில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். தமிழ்நாட்டில் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்கள் லைன் வீட்டு விளையாட்டுக்கு இரண்டு பேரும் அவரவர் மொழியில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அக்காவின் மகனுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்துத் தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டுவான். ஹாரி பாட்டரை ஆங்கிலத்தில் படிக்கிறான். பி.எஸ்.வி. குமாரசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பை நான் வாங்கிக் கொடுத்தது பிரிக்காமல் ஷெல்ஃபில் இருக்கிறது. சட்டத்தை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அவனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தது அக்காதான்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனுக்கு மாறிய தலைகள் கதையைச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அக்கா விட்டுப்போனதைத் தெலுங்கில் எடுத்துக் கொடுத்தாள். அவளும் இப்போது ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறாள். கேள்விக்கு வந்ததும் நிறுத்தினோம்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "போன் எப்படி அன்லாக் பண்ணுவாங்க? ஃபேஸா, ஃபிங்கரா?"

"ஃபேஸ்" என்றேன்.

"எங்க கம்பெனில வெரலுதான்" என்றாள் அக்கா. "வெரல் வெச்சாத்தான் அட்டெண்டன்ஸ். மூஞ்சிய எவன் பாக்கறான்?"

முப்பது வருஷத்துக்கு முந்தின சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ராஜா என்ன சொன்னான் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். படியிலிருந்தே, "வெரலுதான்ரா தம்முடு" என்று சத்தம் வந்தது.