கம்பியும் மேகமும்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் மின்கம்பிகள், அண்ணாந்து பார்க்கும் நமக்கு வானத்தில் இழுத்த கோடுகள். மேலிருந்து குனிந்து பார்க்கும் ஹெலிகாப்டர் விமானிக்கோ கோபுரங்கள்தாம் தெரியும்; கம்பிகள் மண்ணின் நிறத்தில் மறைந்துவிடும்.

1963 நவம்பர் 22-ஆம் தேதி காஷ்மீரத்துப் பூஞ்ச் அருகே அப்படித்தான் நடந்தது. தந்திக் கம்பியில் ஹெலிகாப்டர் மோதி, தளபதிகள் தௌலத் சிங், பிக்ரம் சிங் உள்பட அறுவர் மாண்டார்கள்.

நம் நீலகிரியிலோ எமன் மேகமாக வந்தான். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, சூலூரிலிருந்து வெல்லிங்டன் சென்ற முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. 14 உயிர்கள் போயின. இயந்திரம் பழுதாகவில்லை, திடீர் மேகத்தில் விமானி நிலை தடுமாறினார் என்றது விசாரணை.

தாழப் பறப்பதுதான் ஹெலிகாப்டரின் பெருமை. அதன் ஆபத்தும் அதுவே அல்லவா?